தண்ணீருக்குள் நடந்த உஸ்தாத்

கூமாப்பட்டி சிவரஞ்சனியைப் பார்த்த யாரும் இவள் பட்டாளத்துக்குப் போவாள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பிளஸ் டூ முடித்த கையோடு ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் சேர்ந்து, மில் விடுதியிலேயே தங்கி வேலை பார்த்தாள். நூல் நூற்கிற ரிங் பிரேம் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது, எல்லாம் கைச்சாடைதான். அந்தச் சாடையிலேயே அவள் ஆட்களைச் சிரிக்க வைத்துவிடுவாள். மேஸ்திரி வயிற்றை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் தான் வருவதையும், மேனேஜர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுவதையும் அவள் செய்து காட்டினால், அறுந்த இழையை முடிய மறந்து நாலைந்து பேர் நிற்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் குரலும் சேர்ந்துகொள்ளும். தெலுங்கு பேசுகிற சூப்பர்வைசர் ஒருவர் கோபம் வந்தால் தமிழை மறந்துபோவார். அந்த மறதியை அவள் அச்சு அசலாகச் செய்வாள். ஒரே ஒரு குறைதான் அவளுக்கு. கடைசி வார்த்தை வருவதற்குள் தானே சிரித்துவிடுவாள்.

கூட வேலை பார்த்த பிரிஸ்கில்லாதான் ஒருநாள் செல்போனில் அந்த அறிவிப்பைக் காட்டினாள். ராணுவக் காவல் பிரிவுக்குப் பெண்களை எடுக்கிறார்கள், எழுத்துத் தேர்வு, ஓட்டம், நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல். பிரிஸ்கில்லாவுக்குச் சின்ன வயதிலிருந்தே காக்கி மேல் ஆசை. தனியாகப் போகப் பயந்துகொண்டு சிவரஞ்சனியையும் விண்ணப்பிக்க வைத்தாள். இரண்டு பேரும் ராஜபாளையத்தில் ஷிப்டுக்கு முன்னால் ஓடினார்கள். வார லீவு நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்தில் ஓடிவிட்டு, அங்கிருந்து சிவரஞ்சனி வத்திராயிருப்பு பஸ் பிடித்து ஊருக்குப் போவாள். ஆள்சேர்ப்பு முகாமில் ஓட்டம் முடிந்தபோது, ஆசைப்பட்டவள் மூச்சு வாங்கிக்கொண்டு கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். துணைக்கு வந்தவள் தேறி இந்தப் பக்கம் நின்றாள். பிரிஸ்கில்லா செத்த நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கும் சேர்த்து நீ போ என்று சொல்லிவிட்டாள்.

அம்மா சுடலையம்மாளுக்கு இது பிடிக்கவில்லை. நெல் நடவு, களையெடுப்பு என்று காலமெல்லாம் வயலில் குனிந்து வேலை செய்தவள். மகள் சண்டைக்குப் போகிறாளே என்று அவள் பயப்படவில்லை. அவள் கவலை வேறு.

"ஏட்டி, நீ எழவு வீட்டுலயே சிரிச்சவ. அங்க போயிச் சிரிச்சா சும்மா விடுவாவளா?"

அப்பா கருத்தையா பொதுவாகவே எதுவும் சொல்லாதவர். தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து, மகளுக்காக வாங்கி வைத்த தகரப் பெட்டியின் பூட்டைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பயிற்சி முகாம் பெங்களூரில் இருந்தது. போய் இறங்கிய முதல் நாளிலேயே சிவரஞ்சனிக்கு ஒன்று தெரிந்துவிட்டது. இங்கே அவளுக்கு வாய் கிடையாது. எல்லாம் இந்தி. எழுந்திரு, நில், ஓடு, சாப்பிடு, வாயை மூடு, எதுவுமே அவளுக்குப் புரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த மலையாளத்துப் பெண் பள்ளிக்கூடத்தில் இந்தி படித்தவள். அவள் காதோடு காதாக அர்த்தம் சொல்வதற்குள் மற்றவர்கள் திரும்பி முடித்திருப்பார்கள். ஆனால் சிவரஞ்சனியின் காது மில்லில் பழகிய காது. அர்த்தம் வருவதற்கு முன்னால் ஓசை வந்து அவளுக்குள் உட்கார்ந்துகொள்ளும். இந்த ஓசைக்கு உடம்பு விறைக்க வேண்டும், இந்த ஓசைக்குத் தளர வேண்டும், இந்த ஓசைக்கு நடை, 'தம்' என்கிற ஓசைக்கு அசையாமல் நிற்பது. குழந்தை பேச்சைப் பிடிப்பது மாதிரி பிடித்துக்கொண்டாள்.

அந்த ஓசைகளையெல்லாம் எழுப்பியவர் அவர்களுடைய உஸ்தாத். கவாத்துச் சொல்லிக்கொடுப்பவரை அங்கே ஆணானாலும் பெண்ணானாலும் உஸ்தாத் என்றுதான் கூப்பிட வேண்டும். வடக்கே மலைநாட்டுக்காரப் பெண். உயரம் அதிகமில்லை, ஒல்லி. இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு மாதிரி வாய் நேர்க்கோடாக இருக்கும். அந்தக் கோடு எந்தப் பக்கமும் வளைந்ததை யாரும் பார்த்ததில்லை. மைதானத்தின் ஒரு மூலையில் நின்று அவர் குரல் கொடுத்தால் மறு மூலையில் இருக்கும் வேப்பமரத்துக் காகம் எழுந்து பறக்கும். ஆனால் அவர் கத்துகிறார் என்று சொல்ல முடியாது. கழுத்து நரம்பு புடைக்காது, முகம் சிவக்காது. அந்தச் சின்ன உடம்பில் அது எங்கிருந்து வருகிறது என்று சிவரஞ்சனி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்து ஒரு நாள் திட்டு வாங்கினாள்.

அந்தத் திட்டுக்கு அர்த்தத்தை மலையாளத்துப் பெண் ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னாள். 'வாயை மூடு, உள்ளே இருக்கிற இட்லி எனக்குத் தெரிகிறது.'

அன்றிலிருந்து சிவரஞ்சனி உஸ்தாத் சொல்வதையெல்லாம் அர்த்தம் கேட்க ஆரம்பித்தாள். கேட்கக் கேட்க அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இடது வலது தடுமாறிய ஒருத்தியிடம், 'உன் இரண்டு காலும் பேசிக்கொள்வதில்லையா? நடுவில் யார் சமாதானம் பேசுவது, நானா?' என்று கேட்டிருக்கிறார். கட்டில் விரிப்பில் சுருக்கம் வைத்திருந்தவளிடம், 'உழுது வைத்திருக்கிறாயே, எப்போது விதைக்கப் போகிறாய்?' என்றிருக்கிறார். சிவரஞ்சனியின் பூட்ஸை ஒரு காலையில் குனிந்து பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். அது இது: 'இதில் என் முகம் தெரியவில்லை. உனக்கு என் மேல் இரக்கம் அதிகம்.'

இத்தனையும் அந்தக் கொடிக்கயிறு வாயிலிருந்து, ஒரே தொனியில், வானிலை அறிக்கை மாதிரி வரும். சிரித்தவர்கள் தொலைந்தார்கள். மைதானத்தைத் தவளை மாதிரிக் குந்தியபடியே குதித்துச் சுற்றிவர வேண்டும். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்து ரத்தம் வந்தவர்கள் உண்டு. சிவரஞ்சனி தவளையாகாத வாரம் இல்லை. தொடை தீயாய் எரியக் குதித்துக்கொண்டே அவள் நினைத்துக்கொள்வாள்: நானும்தான் ஊரைச் சிரிக்க வைத்தேன். ஆனால் கடைசி வார்த்தை வரைக்கும் முகத்தைக் கட்டி வைத்திருக்க எனக்கு ஒரு தடவைகூட வந்ததில்லையே. இந்த அம்மாவுக்கு எப்படி வருகிறது? கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பது மாதிரி அவள் உஸ்தாதைப் பார்த்தாள்.

பார்த்ததோடு விட்டிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் தாங்கள் தங்குகிற பாரக்கில் உட்கார்ந்து பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்தபோது அவளுக்குக் கை பரபரத்தது. தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டாள், விளக்குமாற்றுக் கட்டையைக் கக்கத்தில் இடுக்கினாள். இரண்டு கட்டில் வரிசைக்கும் நடுவில் நடந்தாள். அவ்வளவுதான், உஸ்தாத் வந்துவிட்டார். அதே நடை, அதே கழுத்து, அதே வாய். பாதி வார்த்தைக்கு அவளுக்கே அர்த்தம் தெரியாது. ஓசையை மட்டும் பிசகாமல் எடுத்து வீசினாள். பஞ்சாப், ஒடிசா, மகாராஷ்டிரம் என்று எங்கெங்கிருந்தோ வந்த பெண்கள் கட்டிலில் புரண்டு சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. முதல்முறையாகச் சிரிக்காமல் முழுவதையும் செய்துகொண்டிருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் திடீரென்று பாரக் அமைதியானதைக்கூட அவள் கவனிக்கவில்லை. தன் திறமையில் சொக்கிப்போய்விட்டார்கள் என்றே நினைத்தாள். இன்னும் நாலு வாக்கியம் பேசிவிட்டு, உஸ்தாதைப் போலவே குதிகாலில் திரும்பினாள். வாசலில் உஸ்தாத் நின்றுகொண்டிருந்தார்.

அவர் திட்டவில்லை. விளக்குமாற்றுக் கட்டையை மேலும் கீழும் பார்த்தார். நாளைக் காலை மைதானத்தில் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.  பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள் என்று சிவரஞ்சனியும் மலையாளத்துப் பெண்ணும் அன்று முழுக்கப் பயந்துகொண்டேயிருந்தார்கள்.

மறுநாள் காலையில் உஸ்தாத் அவளை வரிசையிலிருந்து வெளியே கூப்பிட்டார். தன் இடத்தைக் காட்டி அங்கே நிற்கச் சொன்னார். நேற்று பாரக்கில் செய்ததை இங்கே செய், இவர்களை நடத்து என்றார்.

சிவரஞ்சனி வாயைத் திறந்தாள். திறந்த வெளியில் அந்தக் குரல் மூன்றாவது வரிசை வரைக்கும்கூடப் போகவில்லை. முன்னால் இருந்தவர்கள் வலது பக்கம் திரும்பினார்கள், காதில் விழாத பின்வரிசை நேராகப் போனது, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சந்தை கலைந்தது மாதிரி இருந்தது. யாரோ களுக்கென்று சிரிக்க, மொத்தப் பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு மொத்தப் பேரும் தவளையானார்கள்.

எல்லாம் முடிந்ததும் உஸ்தாத் அவள் பக்கத்தில் வந்தார். 'நேற்று நீ செய்தது என்னுடைய குரல். அதை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடு. உன்னுடையது எங்கே?' என்று கேட்டார். சிவரஞ்சனிக்கு இந்தி புரிந்தது. கேள்விதான் புதிதாக இருந்தது. யார் யார் குரலையோ எடுத்துப் பேசியே வளர்ந்தவள் அவள். தன்னுடையது என்று ஒன்றை அவள் தேடிப் பார்த்ததே இல்லை.

தண்டனை அப்போதுதான் ஆரம்பமானது. தினமும் சாயங்காலம் மற்றவர்கள் குளிக்கப் போனபிறகு அவள் மைதானத்தில் கொடிமரத்தடியில் நிற்க வேண்டும். எதிர்க் கோடியில் உஸ்தாத் நிற்பார். அவள் கட்டளை கொடுக்க வேண்டும், உஸ்தாத் அதன்படி நடப்பார். ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: 'நீ நினைப்பதை நான் செய்யமாட்டேன். எனக்குக் கேட்பதைத்தான் செய்வேன்.'

முதல் வாரம் முழுக்க உஸ்தாத் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. சிவரஞ்சனி கத்திக் கத்தித் தொண்டை கிழிந்தது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டு படுப்பாள். ஒருநாள் உஸ்தாத் வந்து அவள் விலாவுக்குக் கீழே இரண்டு விரலால் அழுத்தி, இங்கிருந்து என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கொஞ்சம் கொஞ்சமாக எதிர்க் கோடியில் அந்தச் சின்ன உருவம் அசைய ஆரம்பித்தது. வலது என்றால் வலது. நட என்றால் நடை. ஆனால் நடுவில் ஒரு கட்டளை காற்றில் கரைந்தாலும் அவ்வளவுதான். முந்தைய கட்டளையையே பிடித்துக்கொண்டு அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். சிவரஞ்சனி பின்னாலேயே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு சாயங்காலம், நல்ல மழை பெய்து விட்டிருந்தது. மைதானத்து ஓரத்தில் சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வடிகாலுக்காக வெட்டிய பள்ளம் ஒன்று உண்டு. செம்மண் தண்ணீர் அதில் தளும்பி நின்றது. சிவரஞ்சனி உஸ்தாதை நடக்க வைத்தாள், திருப்பினாள், மறுபடி நடக்க வைத்தாள். எல்லாம் சரியாகப் போனது. தன் குரலுக்கு ஒரு ஆள் அவ்வளவு தூரத்தில் கை வீசி நடப்பதைப் பார்க்க அவளுக்குப் பெருமையாகவும் வேடிக்கையாகவும் இருந்தது. அந்த வேடிக்கையில் ஒரு கணம் தாமதித்துவிட்டாள். பிறகு அவசரமாக 'தம்' என்றாள். அந்த நேரம் பார்த்து எதிர்க்காற்று அடித்தது.

உஸ்தாத் நிற்கவில்லை.

கோட்டைத் தாண்டினார். நின்றுவிடுவார் என்று சிவரஞ்சனி நினைத்தாள். கஞ்சி போட்டுத் தேய்த்த சீருடை, முகம் தெரிய மினுக்கிய பூட்ஸ், இவ்வளவு பெரிய பள்ளம், கண் இருக்கிறது, நின்றுவிடுவார். உஸ்தாத் பள்ளத்துக்குள் கால் வைத்தார். கணுக்கால், முழங்கால், தொடை என்று இறங்கினார். தோள் உயரத்துக்குக் கை வீசுவது கொஞ்சமும் தாழவில்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் செம்மண் தண்ணீர் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி எழும்பியது. இடுப்பளவு தண்ணீரில் எதிர்க்கரை வந்தது. செங்குத்தான கரை, வழுக்கலில் ஏற முடியாது. ஏற முடியாத இடத்தில் அவர் நின்ற நிலையிலேயே கால் மாற்றி மாற்றி நடந்துகொண்டிருந்தார். நிற்கச் சொன்னதுதான் அவருக்குக் கேட்கவில்லையே.

சிவரஞ்சனிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வயிற்றிலிருந்து பொங்கித் தொண்டை வரை வந்தது. வந்த சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. அந்த முதுகைப் பார்த்தாள். நேராக, கோடு போட்டது மாதிரி, தண்ணீருக்குள் நடந்துகொண்டிருந்த முதுகு.  நான் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் போய்க்கொண்டிருக்கிறாள், இன்னொரு சொல் வரும்வரை போய்க்கொண்டேயிருப்பாள், அந்தச் சொல் என் வாயில் இருக்கிறது. உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை.

"தம்!"

அந்தக் குரல் தன்னிடமிருந்து வந்தது என்று அவளுக்கே செத்த நேரம் பிடிபடவில்லை. அது உஸ்தாத் குரல் இல்லை, சூப்பர்வைசர் குரல் இல்லை, அவளுக்குத் தெரிந்த யாருடைய குரலும் இல்லை. தண்ணீரில் அலை அடங்கியது. உஸ்தாத் விறைப்பாக நின்றார்.

நின்றார் என்றால், நின்றுகொண்டேயிருந்தார். இடுப்பளவு தண்ணீரில், எதிர்க்கரையைப் பார்த்தபடி. அவர் வெளியே வருவார் என்று காத்திருந்த சிவரஞ்சனிக்கு மெல்ல உறைத்தது. நான் சொல்லாமல் அவர் வரமாட்டார். அவரைத் திருப்பினாள், நடத்தினாள், கரையேற்றினாள். மைதானத்தின் நீளம் முழுக்க ஒவ்வொரு அடியையும் கண்ணால் பிடித்துக்கொண்டே கொண்டுவந்து தன் முன்னால் நிறுத்தினாள்.

உஸ்தாதின் தொப்பியிலிருந்து சொட்டியது. மூக்கில் ஒரு கோடு செம்மண். அவர் நேராக அவளைப் பார்த்தார்.

"மீன் எதுவும் இல்லை" என்றார்.

சிவரஞ்சனி சிரிக்கவில்லை. தவளைக்குப் பயந்து அல்ல. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. உஸ்தாத் தொப்பியைக் கழற்றிப் பிழிந்துகொண்டே சொன்னார்:

"நீ சொன்னால் ஒருவர் நடக்கிறார். அவர் எங்கே போகிறார் என்பதை நீதான் பார்க்க வேண்டும். அவர் பார்க்கமாட்டார்."

அதற்குப் பிறகு சாயங்காலத் தண்டனை இல்லை. காலைக் கவாத்தில் அவளுடைய பிரிவை நடத்த அவளையே விட்டுவிட்டு உஸ்தாத் ஓரமாக நின்றார். ஒரு காலையில் அது நடந்தது. அவள் நிறுத்தச் சொன்னபோது அத்தனை பூட்ஸும் ஒரே அடியாக விழுந்தன. சத்தம் ஒன்றே ஒன்று. மில்லில் ஆயிரம் நூற்புக் கதிர் ஓடுகிற சத்தம் கேட்டுப் பழகிய காது, அப்படி ஒரு ஒற்றைச் சத்தத்தை அதுவரை கேட்டதில்லை.  வேப்பமரத்துக் காகம் பறந்து போனதைப் பார்த்தேன் என்று மலையாளத்துப் பெண் பிறகு சத்தியம் செய்தாள்.

பயிற்சி முடிந்து உறுதிமொழி அணிவகுப்பு நடந்தது. கருத்தையாவும் சுடலையம்மாளும் ரயிலேறி வந்திருந்தார்கள், கூடவே பிரிஸ்கில்லாவும். அன்றைக்கு ஒரு பிரிவை நடத்தியது சிவரஞ்சனிதான். அணிவகுப்பில் அவளால் கண்ணைத் திருப்பிப் பார்க்க முடியாது. பந்தலில் நடந்ததைப் பிரிஸ்கில்லா பிறகுதான் சொன்னாள். எல்லாரும் ஒரே மாதிரி உடுப்பில், ஒரே உயரத்தில் தெரிய, சுடலையம்மாள் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு மகளை வரிசைக்குள்ளே தேடியிருக்கிறாள். முன்னால் தனியாக நின்று குரல் கொடுக்கிற பெண்ணைக் காட்டி, யார் பெத்த பிள்ளையோ, என்னமா சத்தம் குடுக்கு, நெஞ்சு அதிருது என்று சொல்லியிருக்கிறாள். யத்தே, அதுதான் உங்க மக என்று பிரிஸ்கில்லா சொன்னபோது அவள் நம்பவில்லை. நம்பின பிறகு உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாளாம். அணிவகுப்பு முடியும்வரை உட்காரவே இல்லையாம்.

விடைபெறும்போது சிவரஞ்சனி உஸ்தாதிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். அவ்வளவு வேடிக்கையாகப் பேசிவிட்டு எப்படிச் சிரிக்காமல் இருக்கிறீர்கள் என்று. உஸ்தாத் கொஞ்சம் யோசித்தார். நான் சிரித்தால் நீங்கள் என்னைப் பார்ப்பீர்கள், சிரிக்காவிட்டால் உங்கள் காலைப் பார்ப்பீர்கள் என்றார். அப்போதும் அந்த வாய் வளையவில்லை.

லீவில் ஊருக்கு வந்தாள். ராஜபாளையம் மில் கேன்டீனில் பழைய கூட்டம் சூழ்ந்துகொண்டு, உஸ்தாதைச் செய்து காட்டச் சொன்னது. எழுந்து நின்றாள். நடையை எடுத்தாள், கழுத்தை எடுத்தாள். ஆனால் மேற்கொண்டு செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. தண்ணீருக்குள் போன அந்த முதுகு கண்முன் வந்து நின்றது. அதற்குப் பதிலாக அந்தக் கதையைச் சொன்னாள். பள்ளம் வரும்போது கொல்லென்று சிரித்தவர்கள், உஸ்தாத் தண்ணீருக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கும் இடம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

லீவு முடிந்து வடக்கே ஒரு ஊருக்கு வேலையில் சேரக் கிளம்பிய நாளில் ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வழியனுப்பக் கருத்தையா கூட வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயில் பிடிக்க வேண்டும். வத்திராயிருப்பு தாண்டி, எதிரே வந்த நெல் அறுக்கிற எந்திரத்துக்கு வழிவிட ஒதுங்கிய பஸ், இடது பக்கச் சக்கரம் இரண்டும் ஊறிய மண்ணில் இறங்கிச் சாய்ந்து நின்றுவிட்டது. ஆண்களெல்லாம் இறங்கினார்கள். ஆளாளுக்கு ஒரு இடத்தில் கை வைத்து, ஆளாளுக்கு ஒரு நேரத்தில் தள்ளினார்கள். பத்துப் பேர் யோசனை சொன்னார்கள். டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி எல்லாரையும் வைதுகொண்டிருந்தார். சக்கரம் சுற்றச் சுற்ற இன்னும் ஆழமாகப் போனது.

சிவரஞ்சனியும் இறங்கி, முதலில் கூச்சப்பட்டு ஓரமாக நின்றாள். சுடிதார் போட்ட சின்னப் பெண் சொல்லி யார் கேட்பார்கள் என்று தோன்றியது. ரயில் நேரம் ஆகிக்கொண்டிருந்தது. சக்கரத்தடியில் அப்பாவின் கால் சேற்றில் வழுக்குவதைப் பார்த்தாள். விலாவுக்குக் கீழே மூச்சை இறக்கினாள்.

"எல்லாரும் நில்லுங்க!"

அத்தனை பேரும் நின்றார்கள். யோசனை சொன்னவர்கள் வாயைத் திறந்தபடியே நின்றார்கள். டிரைவரும் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட, எஞ்சின் அணைந்துபோனது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றார். ரோட்டில் அந்தப் பக்கமாகத் தேங்காய்க் குலையைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் போன ஒரு பெரியவர், கிறீச்சென்று பிரேக் போட்டு, ஒரு காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தார். மழைத்தூறல் பஸ் கூரையில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் என்ன தாயி செஞ்சேன்? நேராத்தான போறேன்" என்றார் அவர், பரிதாபமாக.

சிவரஞ்சனியின் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. "ஒண்ணும் செய்யல பெரியய்யா. நின்னதுதான் நின்னுட்டிய, எறங்கி ஒரு கை குடுத்துட்டுப் போங்க" என்றாள்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. வைதுகொண்டிருந்த டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில், கொஞ்சம் முன்னால் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே ஆட்களாக ஆகிப்போனார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அவள் ஆட்களைப் பிரித்தாள். இவர்கள் பின்னால், இவர்கள் பக்கவாட்டில், சக்கரத்துக்கு நேரே யாரும் வேண்டாம். சக்கரத்தடியில் ரோட்டோரத்துத் தென்னை மட்டை நாலை வைக்கச் சொன்னாள். டிரைவரை எஞ்சினைக் கிளப்பச் சொல்லிவிட்டு, நான் சொல்லும்போது மட்டும் தள்ளுங்கள் என்றாள். பெரியவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அவள் குரல் எழும்பியது. அத்தனை தோளும் ஒன்றாக இறங்கி ஒன்றாக எழுந்தன. பஸ் ஒருதரம் முனகியது, மட்டை நொறுங்கியது, சக்கரம் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறியது. ஏறிய பஸ்ஸைக் கண்ணால் பிடித்தபடியே அவள் மறுபடியும் நில்லுங்க என்று சொன்ன பிறகுதான் எல்லாரும் கையை எடுத்தார்கள். தங்கள் கையைத் தாங்களே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள் சிலர்.

பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் விட்டார்கள். யார் மகள், எங்கே வேலை என்று கேள்வி வந்தபோதெல்லாம் கண்டக்டரே முந்திக்கொண்டு பதில் சொன்னார். கருத்தையா தொடை வரை சேற்றோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். 

ரயிலடியில் குழாயைத் திறந்து இருவரும் கால் கழுவினார்கள். கருத்தையா விரல் இடுக்கில் சேற்றை எடுத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"நீ நில்லுன்னதும் நானும் நின்னுட்டேன் தாயி. உன்னிய இம்புட்டா இருந்தப்பருந்து பாக்கேன். ஆனா நிக்கவா வேண்டாமான்னு என் காலு என்னயக் கேக்கவே இல்ல."

சொல்லிவிட்டுத் தன் காலையே கொஞ்ச நேரம் பார்த்தார், வேறு யாருடையதையோ பார்ப்பது மாதிரி. சிவரஞ்சனி குழாயை இறுக்கி மூடினாள்.

ரயில் வந்தது. அவர் தகரப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி உள்ளே வைத்தார். ஏறி மகளுக்கு இடம் பிடித்து, பக்கத்திலிருந்த குடும்பத்திடம், பிள்ளை பட்டாளத்துக்குப் போகுது, கொஞ்சம் பாத்துக்கோங்க என்று சொல்லிவிட்டு இறங்கினார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தையே நிறுத்திய பிள்ளையைத்தான் பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. சிவரஞ்சனிக்குத் தோன்றியது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரயில் வளைந்து அப்பா மறைகிறவரைக்கும் சிரித்துக்கொண்டே போனாள்.